பலதானியம்: கிலோவ விட்டுட்டு அணாவுல கணக்கு போட்டப்போ

மாசி முடியப் போகுது, அந்த லிஸ்ட் மறுபடியும் வாட்ஸ்அப்ல சுத்த ஆரம்பிச்சிடுச்சு. பலதானிய விதைப்புன்னு, அதாவது பல விதைய கலந்து வீசி, வளர்ந்ததும் மடக்கி உழுது மண்ணுக்கே உரமாக்கறதுக்கான லிஸ்ட், நாலு குரூப்ல நாலு பேர் ஃபார்வர்ட் பண்ணிட்டாங்க. சோளம் 1 கிலோ, கம்பு அரை கிலோ, தினை கால், சாமை கால், உளுந்து 1, பாசிப்பயறு 1, தட்டைப்பயறு 1, கொண்டைக்கடலை 1, எள்ளு அரை, நிலக்கடலை 2, சூரியகாந்தி 2, ஆமணக்கு 2, மல்லி 1, கடுகு அரை, சோம்பு கால், வெந்தயம் கால், அப்புறம் தக்கைப்பூண்டு 2, சணப்பை 2, கொள்ளு 1, நரிப்பயறு அரை. ஏக்கருக்கு 20 கிலோ வரும். தானியம், பயறு, எண்ணெய் வித்து, மசாலா, பசுந்தாள் உரம்னு அஞ்சு வகை, வகைக்கு நாலு.

இத தமிழ்நாட்டு பூரா கொண்டு போய் சேர்த்தது இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் ஐயாதான். மூலம் மகாராஷ்டிராவுல இயற்கை விவசாய முன்னோடி ஸ்ரீபாத் தபோல்கர் சொன்ன முறைன்னு சொல்வாங்க. ஐயா 2013 டிசம்பர்ல போயிட்டாரு, லிஸ்ட் மட்டும் பத்து வருசத்துக்கு மேலா அப்படியே ஓடிட்டு இருக்கு. நான் அதை குறை சொல்ல வரல, முதல்லயே சொல்லிடறேன். உரமும் மருந்தும் போட்டு செத்துப்போன மண்ணுக்கு எதையாவது பச்சையா வளர்த்து மடக்கி உழுதாலே பாதி உயிர் வந்துரும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா மருந்துச் சீட்டு மாதிரி அந்த கிலோவை அப்படியே எழுதிட்டுப் போய் கடையில நிக்கறோம் பாருங்க, அங்கதான் நான் அடி வாங்கினேன்.

நம்ம தோட்டம் ஈரோட்டுக்குத் தெக்கால, செம்மண்ணு, போர் தண்ணி. மஞ்சள் வைக்கறதுக்கு முன்னாடி ஒரு ஏக்கர்ல லிஸ்ட் பிரகாரம் வாங்கி பங்குனியில வீசினேன். ஒரு மாசத்துல பார்த்தா காடு பூரா சூரியகாந்தியும் ஆமணக்கும்தான் தெரியுது. தக்கைப்பூண்டு எங்க சணப்பை எங்கன்னு தேடிப் பிடிக்கணும். கொண்டைக்கடலை பத்துச் செடி பார்த்திருந்தா அதிசயம். நிலக்கடலை முக்கால்வாசிய காக்காயும் மயிலும் பொறுக்கிடுச்சு. பக்கத்து தோட்டத்து மாமா வரப்புல நின்னுட்டு, "ஏனுங் மாப்ள, மஞ்சளுக்கு வெக்கறேன்னீங்க, சூரியகாந்தி வெள்ளாமை பண்ணிட்டீங்களாட்ட இருக்குதே"ன்னாரு. சிரிச்சு வெச்சேன், வேற என்ன பண்றது.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். எங்க அப்பாரு எதையும் அணாவுலதான் சொல்வாரு, "மழை நாலணாதான் பேஞ்சிருக்கு"ன்னு. 16 அணா ஒரு ரூபாய், சின்னப் பசங்களுக்காக சொல்லிக்கறேன். அதே மாதிரி ஒரு பயிரை தனியா ஒரு ஏக்கர்ல விதைச்சா எவ்வளவு விதை வேணுமோ அது ஒரு ரூபாய்னு வெச்சுக்கிட்டேன். எள்ளு தனியா விதைச்சா ஏக்கருக்கு 2 கிலோ, லிஸ்ட்ல அரை கிலோ, அப்ப நாலணா. கம்பு 2 கிலோவுல அரை, அதுவும் நாலணா. சோளம் 4 கிலோவுல 1, நாலணா. ஆமணக்கு தனியா 4 கிலோ போதும், லிஸ்ட்ல 2, எட்டணா! சூரியகாந்தி தனியாவே இரண்டரை மூணு கிலோதான், லிஸ்ட்ல 2 கிலோ இருக்கு, 12 அணாவ நெருங்குது. முக்கால் ஏக்கர் சூரியகாந்தி விதைய ஒரு ஏக்கர்ல கொட்டிட்டு ஏன் சூரியகாந்தியா தெரியுதுன்னு கேட்டிருக்கேன்.

இந்தப் பக்கம் பசுந்தாள் உரத்தைப் பாருங்க. தக்கைப்பூண்டு மட்டும் விதைச்சா 20 கிலோ, லிஸ்ட்ல 2 கிலோ, ஒண்ணரை அணா. சணப்பை 15 கிலோவுக்கு 2 கிலோ, ரெண்டு அணா. உளுந்து 8 கிலோவுக்கு 1, ரெண்டு அணா. நிலக்கடலை பருப்பா 50 கிலோ வேணும், 2 கிலோ போட்டா அரையணாவுக்கு கொஞ்சம் மேல. கொண்டைக்கடலையும் அரையணாதான். மொத்த லிஸ்ட்டும் கூட்டினா மூணு ரூபாய்க்கு மேல போகுது, அதுல காத்துல இருக்கற தழைச்சத்த (நைட்ரஜன்) வேர்முடிச்சுல பிடிச்சு வைக்கற பயறு வகை அத்தனையும் சேர்ந்தும் ஒரு ரூபாய் தேறல. எதுக்காக விதைக்கறமோ அது மூணுல ஒரு பங்கு கூட இல்ல.

கிலோவுல பார்த்தா இது கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஏன்னா விதையோட சைஸ் அப்படி. எள்ளு ஆயிரம் விதை எடை போட்டா 3 கிராம் சுமார்தான் நிக்கும், நிலக்கடலை ஆயிரம் பருப்பு 400 கிராம் வரும். அரை கிலோ எள்ளுல ஒண்ணரை லட்சம் விதைக்கு மேல இருக்கு. ரெண்டு கிலோ கடலைல வெறும் 5,000. ஏக்கர்னா 4,000 சதுர மீட்டர், அப்ப சதுர மீட்டருக்கு எள்ளு 40 விதை, கடலை ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணையும் மயில் தின்னுட்டுப் போயிடுது.

மொத்தம் ஒரு ரூபாயைத் தாண்டினா தப்பான்னு கேட்டா, தப்பில்ல. நாம கதிர் அறுக்கப் போறதில்ல, 45-50 நாள்ல மடக்கி உழுதுடறோம், அதனால நெருக்கமா இருக்கறது நல்லது, களையையும் அமுக்கிடும். நான் ஒண்ணரை ரூபாய் வரைக்கும் போவேன். அதுக்கு மேல வீசறது வெட்டிச்செலவு, விதை விக்கற விலைக்கு கட்டுபடியாகாது.

அடுத்தது பட்டம், அதாவது விதைக்கற பருவம். "பருவத்தே பயிர் செய்"னு ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து படிக்கறோம், லிஸ்ட் கையில வந்ததும் மறந்துடறோம். கொண்டைக்கடலை, கடுகு எல்லாம் ஐப்பசி கார்த்திகை குளிர்ல வர்ற சாமான். அதை பங்குனி வெயில்ல போட்டா மொளச்சு நாலு இலை விட்டுட்டு காய்ஞ்சு போகும். சோம்பும் அப்படித்தான், அந்தக் காசுக்கு சணப்பை கொஞ்சம் கூட வாங்கலாம். கோடைக்கு எள்ளு, கம்பு, கொள்ளு, சணப்பை, தக்கைப்பூண்டு, இதுங்க தாங்கும்.

நிலத்தையும் பார்க்கணும். தண்ணி நிக்கற வயலு, உப்பு உவர் கொஞ்சம் இருக்கற மண்ணுன்னா தக்கைப்பூண்டுதான், கண்ணை மூடிட்டுப் போடலாம். சணப்பைக்கு தண்ணி நின்னா ஆகாது, வடிகால் உள்ள மேட்டு நிலம் வேணும், ஆனா அங்க அதை அடிச்சுக்க ஆள் இல்ல, சர்ருனு ஏறும். வேர்முடிச்சு நூற்புழு (வேருக்குள்ள புகுந்து முடிச்சு முடிச்சா வீங்க வைக்கற நுண்புழு) தொந்தரவு இருக்கற மஞ்சள், தக்காளி, கத்திரி காட்டுக்கு நான் சணப்பையத்தான் கூட்டிப் போடறேன், அது நூற்புழுவ குறைக்கும். தட்டைப்பயறு நல்ல பயிர்தான், ஆனா அந்தப் புழுவுக்கு அதுவே தீனி, அதனால நம்ம காட்டுல தட்டைப்பயறு கட். இதை மட்டும் முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா ரெண்டு வருச மஞ்சள் தப்பிச்சிருக்கும்.

இப்ப நான் மஞ்சளுக்கு முன்னாடி ஒரு ஏக்கருக்குப் போடறது: சணப்பை 8 கிலோ, தக்கைப்பூண்டு 5, கொள்ளு 2, கம்பு அரை கிலோ, எள்ளு கால், சூரியகாந்தி கால். மொத்தம் 16 கிலோதான். அணாவுல சொன்னா சணப்பை எட்டரை, தக்கைப்பூண்டு நாலு, கொள்ளு மூணு, கம்பு நாலு, எள்ளு ரெண்டு, சூரியகாந்தி ஒண்ணரை. ஒண்ணரை ரூபாய்க்கு ஒரு அணா குறைச்சல், அதுல கிட்டத்தட்ட ஒரு ரூபாய் பயறு வகையே. சூரியகாந்தி அந்த கால் கிலோ தேனீக்கும் என் கண்ணுக்கும், வேற காரணம் ஒண்ணும் பெருசா இல்ல. ஆறே வகைதானா, இருபது வகை இல்லையான்னு குரூப்ல சண்டைக்கு வருவாங்க, வரட்டும். இருபது வகையில பத்து மொளைக்காம போறதுக்கு ஆறு ஒழுங்கா நிக்கட்டும்னு நினைக்கறேன்.

கம்பு ஏன்னா அதோட வேரு சல்லி சல்லியா இறங்கி மண்ணைப் பொலபொலன்னு ஆக்கும், தண்டு மெதுவா மக்கும். ஆனா அளவு மீறக்கூடாது, நாளும் மீறக்கூடாது. முதல் வருசம் டிராக்டர்காரர் நாளைக்கு நாளைக்குன்னு இழுத்து 70 நாள் ஆயிடுச்சு. சோளத்தட்டு கரும்பாட்டம் முத்திருச்சு, ஆமணக்கு குச்சி ரொட்டவேட்டர்ல சிக்கி ரெண்டு தடவை நின்னுது. சரி மடக்கியாச்சேன்னு பத்தாம் நாளே மஞ்சள் வெச்சேன், மொளைச்சு வந்தது அத்தனையும் மஞ்சள் கலர்! முத்துன தட்டுல கார்பன் ஜாஸ்தி, அதைத் தின்னு மக்க வைக்கற நுண்ணுயிருக்குத் தழைச்சத்து வேணும், அது மண்ணுல இருக்கறத எடுத்துக்கும், பயிருக்கு மிச்சமிருக்காது. கடலைப் புண்ணாக்கு கரைச்சு விட்டு, ஜீவாமிர்தம்ங்கற சாணி கோமியக் கரைசல் விட்டு, பச்சை திரும்ப ஒரு மாசம் ஆச்சு. இப்பல்லாம் பூ எடுக்கற நேரத்துக்கு, அதாவது 45-50 நாளுக்குள்ள உழவு. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் மண்ணுல மக்க விட்டுட்டுத்தான் மஞ்சள். பங்குனி தொடக்கத்துல விதைச்சா வைகாசி நடவுக்குச் சரியா இருக்கும். இன்னொண்ணு, சோளம் போட்டிருந்தா மாட்டை அந்தப் பக்கம் விட்டுறாதீங்க, தண்ணி இல்லாம வாடுன இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம்.

விதைக்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. எல்லாத்தையும் ஒரே அன்னக்கூடையில கலந்து எடுத்துட்டு நடந்தா, நடக்கற ஆட்டத்துல எள்ளு கம்பு எல்லாம் அடிக்கு இறங்கிடும், முதல் பாதி காட்டுல சணப்பை மட்டும் விழும், கடைசி மூலையில எள்ளா கொட்டும். அதனால பெரிய விதைய முதல்ல வீசி ஒரு ஓட்டு ஓட்டிடறது, அப்புறம் சின்ன விதைய நாலு பங்கு மணல் கலந்து குறுக்கால வீசி, முள்ளுக்கிளைய இழுத்து லேசா மூடறது. எள்ளு ஆழத்துல போனா வராது. கடையில வாங்குன விதைய நம்பறதும் இல்ல, 100 விதை எண்ணி ஈரச்சாக்குல சுத்தி வெச்சு எத்தனை மொளைக்குதுன்னு பார்த்துட்டுத்தான் அளவு. 100க்கு 60 மொளைச்சா 5 கிலோ போடற இடத்துல 8 கிலோவுக்கு மேல போடணும். போன தடவை ஒரு கடையில வாங்குன தக்கைப்பூண்டு பாதி கூட வரல, திருப்பிக் கேட்டா "மழை இல்லீங்க, அதான்"ங்கறாங்க, சாக்குல எங்க மழை பெய்யறது.

மேக்கால மானாவாரிக் காட்டுக்கு மட்டும் வேற கணக்கு, அங்க கொளுஞ்சிங்கற பசுந்தாள் உரச் செடி. ஆடு மாடு தொடாது, வெயிலுக்கு அசையாது, ஏக்கருக்கு 6-8 கிலோ போதும். போன வருசம் 6 கிலோ போட்டேன், நூத்துக்கு பத்து கூட மொளைக்கல, விதை கெட்டதுன்னு விட்டுட்டேன். இந்த வருசம் நான் விதைக்காமலே அங்கங்க கூட்டமா எழுந்து நிக்குது! விதைத்தோல் அவ்வளவு கெட்டி, தண்ணி உள்ள போகவே இல்ல. மணலோட சேர்த்து உரலுல தேய்க்கணும், இல்லைன்னா கை பொறுக்காத சூட்டுல, 55 டிகிரி அளவுக்கு, சுடுதண்ணியில ரெண்டு மூணு நிமிசம் போட்டு எடுக்கணும். நேத்து ரெண்டு விதமும் நூறு நூறு விதை பண்ணி சாக்குல வெச்சிருக்கேன். அம்மா சமையலுக்கு வெச்சிருந்த சுடுதண்ணிய எடுத்துட்டேன்னு இன்னும் திட்டிட்டு இருக்காங்க. வெள்ளிக்கிழமை பிரிச்சுப் பார்க்கணும்.