மறுநாளே வந்த இதழ்

டோக்கியோவில் இக்கெபுக்குரோ பக்கம் எனக்கு வேலை. ப்ராஜெக்ட் ஒருங்கிணைப்பு என்று பெயர். அட்டவணை போடுவது, வெண்டருக்கு நாலு தடவை போன் அடிப்பது, பில் பாஸாகும்வரை கணக்குப் பிரிவின் வாசலில் நிற்பது. ஒரு பெரிய வேலை முடிந்தபோது வந்த நன்றி மெயிலில், கடைசி வரியில் 'மற்றும் உதவியவர்கள்' என்று இருந்தது. அதில் நான் அடக்கம். அன்று மதியம் சாப்பிடப் பிடிக்காமல் மியோனிச்சிகான்வரை நடந்துவிட்டேன். கூடவே அலுவலகத்தின் மூத்த அம்மா ஒருவரும் வந்தார்.

பத்திரிகையாளர் ஹானி மோத்தோக்கோ என்ற பெண்மணி 1921-இல் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஜியூ காகுவென் பள்ளியின் பழைய கட்டடம் அது. இம்பீரியல் ஹோட்டல் வேலையாக வந்திருந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் வரைந்து கொடுத்தது. விலை கூடிய வண்ணக் கண்ணாடி கிடையாது. சாதாரணக் கண்ணாடியில் மரச்சட்டங்களைக் கோணம் கோணமாகப் பதித்திருக்கிறார்கள். சிக்கனம் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அதற்குமுன் எனக்குத் தோன்றியதில்லை.

டீ குடித்தபடி நான் கேட்டது மோத்தோக்கோவின் கணவர் யோஷிகாஸுவைப் பற்றி. மனைவியைவிட ஏழு வயது இளையவர். இருவரும் ஒரே நாளிதழில் வேலை பார்த்தவர்கள், 1901-இல் திருமணம். 1903 ஏப்ரல் 2-ஆம் தேதி மூத்த மகள் பிறக்கிறாள். மறுநாளே இருவரும் சேர்ந்து தயாரித்த குடும்ப இதழின் முதல் பிரதி வெளிவருகிறது! அந்த வாரம் பிரசவ வீட்டுக்கும் அச்சுக்கூடத்துக்குமாக யார் அலைந்திருப்பார்கள் என்று என் தொழில்புத்தி கணக்குப் போட்டது. பிறகு பள்ளிக்கு இடம் போதாமல் நகருக்கு வெளியே மினாமிசாவாவில் நிலம் வாங்கி, ஒரு பகுதியை மனைகளாகப் பிரித்துப் பெற்றோருக்கும் இதழின் வாசகர்களுக்கும் விற்றார்கள். 1934-இல் பள்ளி அங்கே குடிபோனது. மனை விற்றுப் பள்ளி கட்டுவதென்றால் எத்தனை ரசீது, எத்தனை வாக்குவாதம்! இதழ், பதிப்பகம், பள்ளி மூன்றையும் மனைவியோடு சேர்ந்து நடத்தியவரை 'பக்கபலமாக இருந்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்தான் எனக்கு உறுத்துகிறது.

அந்த அம்மா சிரித்தார். "எத்தனையோ பேருடைய மனைவிமார் இப்படித்தான் காணாமல் போனார்கள். அவர்களுக்கெல்லாம் வராத வருத்தம் இவர் ஒருவருக்கு மட்டும் ஏன் வருகிறது உங்களுக்கு?"

பதில் இல்லை. எனக்கு வந்தது யோஷிகாஸுவுக்கான வருத்தமே இல்லை, அந்த மெயிலுக்கானது. அது அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். தவிர, 1901-இல் தன்னைவிடப் பெயர் பெற்ற நிருபரைக் கட்டிக்கொண்ட மனிதர், கடைசி வரியில் வருவதைப் பற்றிக் கவலைப்பட்டாரோ என்னவோ.

கிளம்பும்போது அந்த அம்மா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஹானி மோத்தோக்கோ 1904-இல் அறிமுகப்படுத்திய வீட்டுக் கணக்கு நோட்டு, இன்றைக்கும் அவர்களுடைய பதிப்பகமே போடுகிறது. டீச் செலவை எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இரண்டு டீயா, ஒன்றா? உங்களுடையதை நீங்கள்தானே கொடுத்தீர்கள்?"