பொரி உருண்டைத் தலையும் மயிலை நிறமும்

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய்வந்த அன்று இரவே மகன் சொல்லிவிட்டான்: இந்தப் பிறந்தநாளுக்குக் காங்கேயம் காளைதான் கேக். இதற்கு முன் நான் செய்த விலங்கு கேக்குகள் இரண்டு. ஓர் ஆமை, ஒரு முள்ளம்பன்றி. இரண்டுமே கவிழ்த்த கிண்ணத்துக்கு முகம் வைத்தவை. காளை அப்படியா? திமில், கழுத்து, கொம்பு என்று ஒவ்வொன்றும் ஒரு தனி வேலை. நிற்க வைத்தால் மூன்றரைக் கிலோவைக் கேக் கால்கள் தாங்காது. நந்தியைப் போலப் படுக்க வைத்துவிடலாம் என்று முடிவு செய்துதான் புதன்கிழமை அடுப்படிக்குள் போனேன்.

முதல் வேலை கொம்பு. அது காய்வதற்கு மூன்று நாள் வேண்டும். கேக்கின்மேல் போர்த்துகிற சர்க்கரை மாவான ஃபாண்டன்ட் வெறுமனே என்றால் ஏப்ரல் வெயிலில் தொய்ந்துவிடும் என்பதால், 100 கிராமுக்கு அரைத் தேக்கரண்டி சி.எம்.சி. என்ற இறுக்கும் பொடி சேர்த்துப் பிசைந்தேன். அடியில் மட்டும் மூங்கில் குச்சியைச் செருகி, மேல்பாகத்தை டம்ளரின் வளைவில் சாய்த்து வைத்தேன். காங்கேயம் காளையின் கொம்பு பக்கவாட்டில் விரிந்து, பின்னால் போய், நுனியில் உள்வாங்கி ஏறக்குறைய ஒரு வட்டத்தையே முடித்துவிடும். நான்கு கொம்புகள் செய்ததில் ஒன்று உடைந்தது, ஒன்று கோணிக்கொண்டது. நல்லவேளை, காளைக்கு இரண்டு போதும்.

வியாழக்கிழமை கேக் சுட்டேன். மெத்தென்ற ஸ்பாஞ்ச் செதுக்குவதற்கு ஆகாது, கத்தி பட்டதுமே உதிரும். வெண்ணெயும் சர்க்கரையும் தலா 500 கிராம், மைதா 550 கிராம், முட்டை பத்து என்று கனமான வெண்ணெய் கேக்காக, 8 அங்குலச் சதுரத் தட்டில் மூன்று அடுக்குகள். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் கிடந்தன.

வெள்ளிக்கிழமைதான் உண்மையான சோதனை. அடுக்குகளைப் பாதியாக வெட்டி, நான்கு துண்டுகளைச் சாக்லேட் கனாஷ் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். மீதி இரண்டு துண்டுகள் காலுக்கும் திமிலுக்கும். பட்டர்கிரீமை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் மதியம் 35 டிகிரி இருக்கும், வெண்ணெய் அங்கே தன்னிலை மறந்துவிடும். டார்க் சாக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு என்று காய்ச்சிய கனாஷ்தான் இந்த ஊருக்குச் சரி.

அடுக்கிய கேக்கை முக்கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, ரொட்டி வெட்டும் பல் கத்தியால் செதுக்கத் தொடங்கினேன். பக்கவாட்டுத் தோற்றத்தைக் காகிதத்தில் வரைந்து வெட்டி வைத்திருந்தேன். மேலிருந்து பார்க்கும் தோற்றத்தை வரையவில்லை. அது பெரிய தவறு. பக்கத்திலிருந்து காளையாகத் தெரிந்தது மேலிருந்து பார்த்தால் தலையணையாக இருந்தது. விலா, இடுப்பு, பின்தொடை என்று மூன்று இடங்களில் உள்வாங்கி வெட்டிய பிறகுதான் அதற்கு உடம்பு வந்தது.

தலையைக் கேக்கில் செதுக்கினால் கொம்பின் எடையில் பிளந்துவிடும். பலர் மார்ஷ்மெல்லோவில் பொரியைக் கிளறிப் பிடிப்பார்கள். மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அதை மாட்டுத் தோலிலிருந்தும் எடுப்பார்கள். காளை கேக்குக்குள் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. கார்த்திகைக்குப் பிடிக்கிற பொரி உருண்டை இருக்கவே இருக்கிறது. வெல்லப் பாகு உருட்டுப் பதம் வந்ததும் பொரியைக் கொட்டிக் கிளறி, கையில் நெய் தடவிக்கொண்டு, சூட்டோடு சூடாக நெற்றியும் மூக்கும் பிடித்தேன். இரண்டு நிமிடத்தில் இறுகிவிடும், அதற்குள் கொம்புக் குச்சிகளுக்கான துளையையும் கழுத்துக் குச்சிக்கான துளையையும் போட்டுவிட வேண்டும். விரல் நுனி சிவந்துபோனது. ஆனால் கல் மாதிரி நின்றது தலை.

மதியம் மின்சாரம் போனது. கனாஷால் ஒட்டி வைத்திருந்த திமில் மெல்ல நழுவி விலாவுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு குச்சிகளைக் குத்தி மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தபோது என் மாமனார் எட்டிப் பார்த்தார். வண்டிமாடு கட்டி விவசாயம் செய்தவர்.

“அம்மிணி, இது எந்த ஊர் மாடு?”

“காங்கேயம்தான் மாமா.”

“காங்கேயத்துக்குக் கழுத்தடித் தோல், இந்த அலைதாடி, இத்தனை தொங்காது. சன்னமாக இருக்கும், நெஞ்சோடு நின்றுவிடும். இது வடக்கத்தி மாடு. கழுத்தும் நீளம்.”

அவர் சொன்னது சரிதான். கைபேசியில் நான் பார்த்து வரைந்த படங்களில் பாதி கிர் என்ற வடக்கத்தி இன மாட்டுப் படங்கள். பூசி முடித்த கனாஷைச் சுரண்டி, அலைதாடியை அறுத்தெடுத்து, கழுத்தை ஒரு விரல் அளவு குறுக்கினேன். ஒரு மணி நேர வேலை வீண். ஆனால் அதற்குப் பிறகுதான் அந்த முன்பாரம், அந்தத் திமிர் வந்தது.

சனிக்கிழமை நிறம். வெள்ளை ஃபாண்டன்ட்டில் கறுப்பு ஜெல் நிறத்தைக் கலந்தால் சாம்பல் வரும் என்று நினைத்தேன், கத்தரிப்பூ நிறம் வந்தது. துளி மஞ்சளும் துளி பழுப்பும் சேர்த்ததும் மயிலை என்கிற மாட்டுச் சாம்பல் நிறத்துக்குத் திரும்பியது. நான்கு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து உடம்பின்மேல் போர்த்தினேன். கழுத்தில் விழுந்த சுருக்கங்களை நீவவில்லை, மாட்டுத் தோலுக்கு அவை பொருந்தின. பிறகு கறுப்புத் தூளை உலர்ந்த தூரிகையில் தொட்டுத் திமில், கழுத்து, முன்தொடை, பின்தொடை எல்லாவற்றிலும் தேய்த்தேன். நேரமாகிவிட்டதே, இதை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். “காயடித்த எருதுதான் வெளுத்திருக்கும். இனவிருத்திக்கு விடுகிற பூச்சிக்காளைக்குத் திமில் கறுத்திருக்க வேண்டும்” என்றார் மாமா, நாற்காலியை அடுப்படி வாசலிலேயே போட்டுக்கொண்டு.

கண்ணுக்குக் கறுப்பு ஃபாண்டன்ட், ஈர மினுக்கத்துக்கு அதன்மேல் துளி குளுக்கோஸ் பாகு. மூக்கணாங்கயிறு, கழுத்துமணி. மிஞ்சிய பொரியிலும் சாக்லேட் ஃபாண்டன்ட்டிலும் ஒரு கன்றுக்குட்டி செய்து பக்கத்தில் உட்கார வைத்தேன். “காளை சாம்பலாக இருக்கிறது, கன்று ஏன் சிவப்பு?” என்று மகன் கேட்டான். காங்கேயம் கன்றுகள் செம்பழுப்பாகப் பிறந்து சில மாதங்களில்தான் நிறம் மாறும் என்று தாத்தா பதில் சொன்னார். மிஞ்சியது சாக்லேட் ஃபாண்டன்ட் மட்டும்தான் என்பதை நான் சொல்லவில்லை.

இரவு அட்டைப் பெட்டிக்குள் மூடியே ஃப்ரிட்ஜில் வைத்தேன். வெளியே எடுத்த பிறகும் குளிர் அடங்கும்வரை பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஃபாண்டன்ட் வியர்த்து, பூசிய கறுப்பெல்லாம் கோடாக வழியும்.

ஞாயிறு மாலை மகன் தலைப் பக்கம் கத்தியைக் கொண்டுபோக மறுத்துவிட்டான். பின்தொடையிலிருந்து வெட்டினோம். உள்ளே இருந்த குச்சிகளை நானே முதலில் உருவி எடுத்தேன். தலையை மறுநாள் பொரி உருண்டையாக உடைத்துத் தின்றார்கள். கொம்புகள் இரண்டும் அவனுடைய பென்சில் பெட்டிக்குப் போய்விட்டன, வியாழக்கிழமை எறும்புகள் கண்டுபிடிக்கும்வரை.