புள்ளி வெச்ச எழுத்து வந்தா மட்டும் நின்னுபோற ப்ரோக்ராம்

ரெண்டு நாளா இதோட மல்லுக்கட்டி இப்பதான் காரணம் புரிஞ்சுது, மறக்குறதுக்குள்ள எழுதிடறேன். விண்டோஸ்ல பைத்தான் வெச்சு ஒரு தமிழ் டெக்ஸ்ட் ஃபைலை ஓப்பன் பண்ணி வரி வரியா படிக்கணும், அவ்வளவுதான் வேலை. உள்ள "நிலா"ன்னு மட்டும் இருந்தா எரரே இல்ல, ஆனா ந, மேல்விலங்கு, ல, துணைக்கால்னு நீளம் 4 வரவேண்டிய இடத்துல 12ன்னு வருது, பிரிண்ட் பண்ணா ஏதேதோ குறி. "மரம்"னு மாத்தினா யூனிகோட் டிகோட் எரர், அங்கயே நின்னுடுது.

ஃபைல் யூடிஎஃப்-8ல, அதாவது எழுத்தை பைட்டா மாத்தி வெக்கிற ஒரு முறையில (இந்த மாதிரி முறைதான் என்கோடிங்) சேவ் ஆகியிருக்கு, அதுல தமிழ் எழுத்து, குறி ஒவ்வொண்ணுக்கும் 3 பைட். ஓப்பன்ல என்கோடிங் சொல்லாம விட்டா பைத்தான் சிஸ்டம் டிஃபால்ட்டை எடுத்துக்கும், என் மெஷின்ல அது 1252 கோட் பேஜ், அதாவது எந்த பைட் எந்த எழுத்துன்னு சொல்ற ஒரு பழைய டேபிள், அதுல ஒரு பைட்னா ஒரு எழுத்து, அதனாலதான் 12. அந்த டேபிள்ல 129, 141, 143, 144, 157ன்னு அஞ்சு இடம் காலி. நம்ம புள்ளியோட பைட் 224, 175, 141. கடைசி 141 காலி இடத்துல போய் விழுது, எரர்! உகரக் குறியும் அப்படித்தான், அது 129ல முடியுது.

இதுல எரர் வர்றது நல்லதுன்னுதான் சொல்வேன். "நிலா" மாதிரி சத்தமில்லாம தப்பா படிச்சு டேட்டாபேஸ் வரைக்கும் போயிட்டா யாரு கண்டுபிடிக்கிறது?

ஓப்பன்ல எரர்ஸ்ங்கற இடத்துல இக்னோர், அதாவது படிக்க முடியாத பைட்டை விட்டுடுன்னு போட்டா சரியாயிடும்னு நிறைய பேர் சொல்றாங்க, தயவுசெஞ்சு போடாதீங்க. தப்பா படிச்ச "நிலா"வைக்கூட மறுபடி 1252ல என்கோட் பண்ணி யூடிஎஃப்-8ல டிகோட் பண்ணா முழுசா திரும்பக் கிடைக்கும், நான் செஞ்சு பாத்தேன். இக்னோர் போட்டா 141 அங்கயே தொலைஞ்சுடும், அப்புறம் புள்ளியை எங்கேர்ந்து கொண்டு வர்றது, மெய்யெழுத்தே இல்லாத தமிழை வெச்சு என்ன பண்றது?

ஓப்பன் பண்ணும்போதே என்கோடிங் யூடிஎஃப்-8ன்னு எழுதிடுங்க, வேற எதுவும் வேண்டாம். சில எடிட்டர் ஃபைல் ஆரம்பத்துல 239, 187, 191ன்னு மூணு பைட் சேர்த்து வெக்கும், அப்ப முதல் வார்த்தை மட்டும் எதோடயும் மேட்ச் ஆகாது, அதுக்கு யூடிஎஃப்-8-சிக்னு போடணும். பைத்தான் 3.15ல யூடிஎஃப்-8தான் டிஃபால்ட், ஆனா பழைய வெர்ஷன் ஓடுற மெஷின் நிறைய இருக்கும், அதனால நான் எழுதாம விடப் போறதில்ல.