யகுஷிமா காட்டுக்குப் போகிறவர்கள் பேருந்துச் சீட்டில் ஏமாறாதீர்கள்

ஜப்பானின் யகுஷிமா தீவிலுள்ள ஜோமோன் சுகி என்ற மிகப் பழைய தேவதாரு மரத்தைக் காண விரும்புவோர், மார்ச் முதல் நவம்பர் வரை அரகாவா மலையேற்ற வாயிலுக்குச் சொந்த வாகனத்திலோ வாடகைக் காரிலோ செல்ல முடியாது. யகுசுகி அருங்காட்சியகத்தருகே அதிகாலையில் புறப்படும் பேருந்தில்தான் ஏற வேண்டும். அதற்கான சீட்டை முந்தைய நாளே வாங்கிவிட வேண்டும்.

எங்கள் விடுதி அனுப்பிய உறுதிக் கடிதமோ, சீட்டைக் காலையில் நிறுத்தத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றது. அதை நம்பி, விடிவதற்கு வெகு முன்பே கொட்டும் மழையில் தங்கையும் நானும் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் ஊழியர் இரு கைகளையும் குறுக்காக வைத்து மறுத்தார். கைப்பேசியிலிருந்த கடிதத்தைக் காட்டினேன்; அவர் அதைப் பார்க்காமலே எங்களுக்குப் பின்னால் நின்றவரை அழைத்தார். பேருந்தில் காலி இருக்கைகள் இருந்ததுதான் இன்னமும் உறுத்துகிறது.

அன்றைய நாளைக் காப்பாற்றியது ஷிராதானி உன்சுய்கியோ பள்ளத்தாக்கு. பாறை, வேர், விழுந்த மரம் என எல்லாவற்றையும் பாசி மூடியிருக்கும் அந்தக் காட்டுக்கு முன்பதிவு தேவையில்லை. சாதாரணப் பேருந்தில் போய், நுழைவிடத்தில் கட்டணம் செலுத்தினால் போதும். திரும்பும் வழியில் சுற்றுலாத் தகவல் நிலையத்தில் மறுநாளுக்கான சீட்டை வாங்கினோம். மலைப் பாதுகாப்புக்கென ஆளுக்கு 1,000 யென்னும் கொடுத்தோம். முகப்பில் ரொக்கம் மட்டுமே செல்லுபடியானதால், சிங்கப்பூரில் முஸ்தஃபா கடையில் மாற்றி வைத்திருந்த யென் கைகொடுத்தது.

அரகாவா வாயிலிலிருந்து ஜோமோன் சுகிக்குப் போய்வர 22 கிலோமீட்டர், ஏறத்தாழ பத்து மணி நேரம். பெரும்பகுதி பழைய மரம்வெட்டும் ரயில் தண்டவாளத்தின் மேல் நடப்பதுதான். 1970இல் கைவிடப்பட்ட கொசுகிதானி குடியிருப்பின் பள்ளித் திடலையும் வழியில் காணலாம். தண்டவாளம் முடியும் இடத்திலுள்ள கழிவறையைத் தவறவிடாதீர்கள். அதற்குமேல் கையோடு கொண்டுபோகும் கழிவுப் பைதான் துணை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டர் மழை என்றால், அந்த மலைகளில் 8,000க்கும் மேல். ஆகவே நாம் இங்கே பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் மழையங்கி அங்கே உதவாது. மேலுடையும் காற்சட்டையும் தனித்தனியாக உள்ளதை வாங்கிக்கொள்ளுங்கள். இங்குள்ள புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான் என்றாலும், அதன் படிகளில் மழை நாளில் ஏறி இறங்கிப் பழகியது எங்கள் முழங்கால்களுக்கு உதவியது.

மரத்தை நெருங்கித் தொட முடியாது. காண வருவோரின் காலடிகள் வேர்களை மூடிய மண்ணை இறுக்கிச் சிதைத்துவிட்டதால், 1996 முதல் மரமேடையிலிருந்துதான் பார்க்க வேண்டும். அடிமரத்தின் உட்பகுதி பொள்ளலாக இருப்பதால் வளையங்களை எண்ண வழியில்லை. வயது 2,170 முதல் 7,200 ஆண்டுகள் வரை என்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் விடுதிக்குக் கடுமையாகவே எழுதினேன். பணம் எதையும் திருப்பித் தரவில்லை; ஆனால், கடிதத்தில் அந்த வரியை நீக்கிவிட்டு, திருத்திய படியை எனக்கே அனுப்பியிருந்தார்கள்.