கூவினால் கூவ வேண்டும்

டிசம்பர் 3, குலசேகரம்

நாகர்கோவிலிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டக் கிளம்பினார்கள். நானும் கூடவே போனேன். வெயில் ஏறினால் ரப்பர் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் இந்த இருட்டு வேலை. அம்மாவுக்கு முட்டுவலி வந்ததிலிருந்து ஏற்றத்தில் உள்ள மரங்களெல்லாம் அப்பாவுக்கு. ஒரு வரிசை வெட்டி முடித்ததும் மேலேயிருந்து "கூ..." என்கிறார். அம்மா பட்டை சீவும் கத்தியை நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் கூவுகிறாள்.

"பாம்புக்குப் பயந்தா?" என்று கேட்டேன்.

"முதலில் அதற்குத்தான் மக்களே. இப்போது நான் கூவாவிட்டால் அவருக்கு வேலை ஓடாது."

டிசம்பர் 4

மழை, வெட்டு இல்லை. மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை விற்ற காசைப் பற்றி இருவருக்கும் நல்ல சண்டை. மத்தியானம்வரை பேச்சில்லை. ஆனாலும் அவித்த மரச்சீனிக் கிழங்கைப் பிளந்து, நடுநரம்பை உருவி எடுத்து, மீன்குழம்போடு அப்பாவின் தட்டில் வைத்தாள் அம்மா. அவருக்குக் கடைவாய்ப்பல் ஆடுகிறது. என் தட்டில் இருந்த கிழங்கு நரம்போடுதான் இருந்தது.

டிசம்பர் 5

இன்று அப்பா இரண்டு முறை கூவியும் அம்மா குரல் கொடுக்கவில்லை. செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மேலே இருந்த நெற்றி விளக்கு மரங்களுக்கிடையே தடதடவென்று இறங்கி வந்தது. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. அம்மாவின் காலைப் பிடித்து விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு மேலே ஏறினார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வைப் பற்றி முன்பே படித்திருக்கிறேன். புதுமணத் தம்பதிகளைக் கவனித்துவிட்டு, ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடியும் விசாரித்திருக்கிறார். சேர்ந்து வாழ்ந்தவர்கள், துணை ஏதாவது சொல்லிக் கவனத்தைக் கேட்டபோது 100க்கு 86 தடவை முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 தடவைதான். அன்று அது வெறும் கணக்காகத் தெரிந்தது. இன்று தோட்டத்தில் நின்றபோது, என் வீட்டுக்காரர் கூவி நான் கேளாமல் விட்ட நாட்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன.

டிசம்பர் 6

இரவு வீட்டுக்காரர் போன் செய்தார். வடசேரிச் சந்தையில் நல்ல மட்டி வாழைப்பழம் வந்திருக்கிறதாம். வழக்கமாக "சரி, வாங்குங்கள்" என்று முடித்திருப்பேன்.

"காம்பு கறுத்திருக்கிறதா, பச்சையா?" என்று கேட்டேன்.

ஒரு நொடி சத்தமில்லை. பிறகு குலையைத் தூக்கிப் பார்த்தது முதல் கடைக்காரரிடம் பேரம் பேசியதுவரை, பத்து நிமிடம் சொன்னார்.