முருங்கைக்கீரை உருவும் சின்னக் கைகள்

சென்ற சனிக்கிழமை காலை, கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, கொல்லையில் நிற்கும் மரத்திலிருந்து ஒடித்துவந்த நான்கு முருங்கைக் கொத்துகளை அதன்மேல் போட்டுக்கொண்டு என் மாமியாரும், ஐந்து வயது மகனும், மூன்று வயது மகளும் வட்டமாக உட்கார்ந்தார்கள். மாமியார் ஈர்க்கின் நுனியை இடக்கையால் பிடித்து, வலக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொடுத்து ஒரே இழுப்பில் இலைகளை உருவிவிடுவார். மகன் இரண்டு மூன்று முறை முயன்று அந்த இழுப்பைப் பிடித்துக்கொண்டான். மகளுக்கு அது வரவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் இலையாகக் கிள்ளினாள். பழுத்த மஞ்சள் இலை வந்தால் ஆச்சியிடம் காட்டி, "இது வேண்டாம்தானே?" என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஓரமாகப் போட்டாள். அரைமணி நேரத்தில் அவள் கிண்ணத்தில் ஒரு கைப்பிடி கீரைகூடச் சேரவில்லை. ஆனால் மதியம் பொரியல் பரிமாறியபோது, "இதுல நான் கிள்ளின இலை எது?" என்று தட்டில் தேடினாள், கீரை என்றாலே வாயை மூடிக்கொள்பவள் அன்று மறுமுறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அந்த அரைமணி நேரத்தில் அவள் விரல்கள் செய்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். கீரை கிள்ளுவதற்கும், பூண்டு உரிப்பதற்கும், பட்டாணித் தோலைப் பிளப்பதற்கும் வேண்டிய அதே விரல் வலுவும் நிதானமும்தான் பின்னாளில் பென்சில் பிடிக்கவும் வேண்டும். கையில் அந்த வலு சேர்வதற்கு முன்பே மூன்று வயதுக் குழந்தையை நான்குவரி நோட்டின் முன் உட்கார வைத்துப் புள்ளிகளின்மேல் எழுதச் சொல்லும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. எழுத்து வரட்டும், அதற்கு முன் விரல்களுக்குப் பொருள்கள் பழகட்டும்.

எங்கள் வீட்டில் மரச்சொப்பு, பிளாஸ்டிக் அடுப்பு, காய் நறுக்கும் பொம்மை எல்லாம் உண்டு. ஆனாலும் சமையலறையில் நான் உண்மையான கரண்டியை எடுத்த மாத்திரத்தில் பொம்மைக் கரண்டி தரையில் கிடக்கும். 1907ஆம் ஆண்டு ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியபோது கண்டதும் இதைத்தான். அழகிய பொம்மைகளை வைத்திருந்தும் குழந்தைகள் அவற்றை விட்டுவிட்டு உண்மையான வேலைகளையே நாடினார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். பெருக்குவது, நீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது ஆகியவை அவருடைய கல்விமுறையில் முதல் பாடங்களாயின; குழந்தைகள் தாமே தூக்கி நகர்த்தக்கூடிய அளவில் மேசை நாற்காலிகளும் செய்யப்பட்டன. அந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார் என்பதும், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார் என்பதும் நம் ஊர்ப் பெற்றோர் பலர் அறியாத செய்தி. இன்று அந்தப் பெயரைப் பலகையில் எழுதிப் பெருங்கட்டணம் வாங்குகிறார்கள். அவர் சொன்ன பாடங்களில் பாதிக்கு மேல் நம் சமையலறையிலும் கொல்லையிலும் செலவின்றிக் கிடக்கின்றன.

கணக்கை எடுத்துக்கொள்வோம். மாமியாரிடம் பித்தளையில் ஆழாக்கு, உழக்கு, உரி, படி என ஒரு வரிசை அளவைகள் இருக்கின்றன. இட்லிக்கு ஊறப்போடும் நாளில் அரிசி அளப்பது மகனின் பொறுப்பு: 4 ஆழாக்கு இட்லி அரிசி, 1 ஆழாக்கு உளுந்து. ஒருநாள் படியை நிரப்ப எத்தனை ஆழாக்கு வேண்டும் என்று அவனே அளக்கத் தொடங்கினான். ஏழாவது ஆழாக்கிலேயே படி நிறைந்துவிட்டது. "ஏழு!" என்றான். மாமியார் திருத்தவில்லை, ஆழாக்கின் தலையை விரலால் வழித்துவிட்டு, "தலைதட்டி அளந்து பாருப்பா" என்று மட்டும் சொன்னார். குவித்து அளந்தால் ஏழு, தலைதட்டி அளந்தால் எட்டு என்பதை அவன் தன் கையாலேயே கண்டான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்பது அதன்பின் தானாக வந்தது. அரை, கால், அரைக்கால் என்னும் பின்னங்களை நான் பள்ளியில் பலகையைப் பார்த்து மனப்பாடம் செய்தேன். அவனுக்கு அவை அரிசியின் கனத்தோடு வந்து சேர்ந்திருக்கின்றன.

நீரிலும் இப்படித்தான். அகலமான கிண்ணத்து நீரை ஒல்லியான டம்ளரில் ஊற்றினால் மட்டம் உயர்வதைக் கண்டு நீர் கூடிவிட்டதாகச் சிறு குழந்தைகள் நம்புவார்கள். சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்து, ஏறத்தாழ ஏழு வயதளவில்தான் அளவு மாறவில்லை என்னும் தெளிவு பிறக்கிறது என்று கண்டார். என் மகனும் இன்னும் டம்ளரில்தான் அதிகம் என்கிறான். நான் வாதாடுவதில்லை. செடிகளுக்கு ஊற்றும் நேரத்தில் அவனே மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்துக்கொள்கிறான். அரைத்த மாவின் மட்டத்துக்கு நேராகப் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைத்து, காலையில் எழுந்ததும் எவ்வளவு பொங்கியிருக்கிறது என்று பார்ப்பது இப்போது இருவருக்கும் வழக்கமாகிவிட்டது. மார்கழியில் கோட்டைத் தாண்டவே மாவு மிகவும் தாமதித்தபோது, "அதுக்கும் குளிருதாம்மா?" என்று மகள் கேட்டாள். அது சரியான கேள்வி. குளிரில் புளிப்பு மெதுவாகவே ஏறும்.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். துண்டுகளை மடித்து அடுக்குவதை மகனிடம் ஒப்படைத்திருந்தேன். மூலைகள் சேராமல், ஒன்று தடித்தும் ஒன்று நீண்டுமாக அடுக்குவான். அவன் தூங்கியபின் நான் அவற்றைப் பிரித்து நேராக மடித்து வைத்துவிடுவேன். ஒருநாள் துணிக்கூடையை நீட்டியபோது அவன் தலை நிமிராமல், "நீதான் திரும்ப மடிச்சிடுவியே" என்றான். எப்போது பார்த்தான் என்று தெரியவில்லை. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் அதை உண்மையான வேலை என்று நம்பிச் செய்துகொண்டிருந்தான். நான் அதை வேடிக்கையாக ஆக்கிவிட்டேன். அதன்பின் அவன் மடித்த துண்டுகளை நான் தொடுவதில்லை. குளிக்கப் போகும்போது அந்த அடுக்கிலிருந்தே எடுக்கிறேன். மடிக்கும் முறையைக் காட்ட வேண்டுமானால், அருகில் உட்கார்ந்து என் பங்குத் துண்டுகளை மெதுவாக மடிக்கிறேன்.

காசோ சாக்லேட்டோ கொடுத்து வேலை வாங்குவதையும் நாங்கள் நிறுத்திவிட்டோம். ஃபெலிக்ஸ் வார்னகன், மைக்கேல் டோமசெல்லோ என்னும் இரு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத ஒருவர் தவறவிட்ட பொருளை எட்ட முடியாமல் தவித்தபோது, 18 மாதக் குழந்தைகள் யாரும் கேட்காமலேயே எடுத்துக் கொடுத்தார்கள். 24 குழந்தைகளில் 22 பேர் ஒருமுறையேனும் உதவினார்கள். உதவியதற்குப் பரிசுப்பொருள் பெற்ற 20 மாதக் குழந்தைகள் பின்னர் உதவுவது குறைந்தது என்று 2008இல் அதே இருவர் கண்டார்கள். உதவ வேண்டும் என்னும் விருப்பம் குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கிறது. "நீ போய் விளையாடு, அம்மாவுக்கு வேலை இருக்கிறது" என்று நாம்தான் அதைத் தள்ளிவிடுகிறோம். பிறகு பன்னிரண்டு வயதில், ஒரு வேலையும் செய்வதில்லை என்று திட்டுகிறோம்.

எச்சரிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்ற ஆண்டு கொண்டைக்கடலையில் கல் பொறுக்க விட்டபோது, நான் கதவைத் திறக்கச் சென்ற ஒரு நிமிடத்தில் மகள் ஒரு கடலையை மூக்கில் போட்டுக்கொண்டாள். நாங்களே எடுக்க முயலாமல் உடனே மருத்துவரிடம் கொண்டு சென்றோம். ஈரத்தில் ஊறி அது உப்புவதற்குள் அவர் எடுத்துவிட்டார். அன்றுமுதல் கடலை, பட்டாணி போன்ற உருண்டைப் பொருள்களை அவளிடம் தனியாக விடுவதில்லை. அடுப்பு, கத்தி, கொதிநீர் ஆகியவற்றின் பக்கம் இருவரும் வருவதில்லை. பினாயிலையும் சோப்பு நீரையும் பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கம் எந்த வீட்டில் இருந்தாலும் இன்றே விட்டுவிடுங்கள்.

நான் வேலைக்குச் செல்பவள் என்பதால் வாரநாட்களின் காலையில் இவற்றில் எதுவும் நடப்பதில்லை. சனி, ஞாயிறும் மாலைப்பொழுதும்தான் எங்களுக்கு வாய்க்கின்றன. குழந்தை சேர்ந்தால் பத்து நிமிட வேலை அரைமணி நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுக்க முடியாத நாளில் அழைக்காமல் இருப்பதே நல்லது. அழைத்துவிட்டுச் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டினால் விளையாட்டும் போகும், பாடமும் போகும்.

மகனைப் பற்றி உறவினர் ஒருவர், "ஆம்பளப் பிள்ளையைப் போய் இதெல்லாம் செய்ய விடுறீங்களே" என்று கேட்டார். 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். இந்த இடைவெளி ஐந்து வயதில் யார் கையில் துடைப்பத்தைக் கொடுக்கிறோம் என்பதில்தான் தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். உறவினருக்கு என் மாமியாரே பதில் சொன்னார்: "சாப்பிடுறவன்தானே, தட்டைக் கழுவட்டும்." அவன் இப்போது முக்காலியில் ஏறி நின்று, தன் அப்பாவுக்குப் பக்கத்தில் தன் தட்டைத் தானே கழுவுகிறான். அதைப் பார்த்து மகளும் முக்காலி கேட்டு அடம்பிடிக்கிறாள். அவள் உயரத்துக்கு இன்னொன்று செய்துதரச் சொல்லியிருக்கிறோம்; அடுத்த வாரம் தருவதாகத் தச்சர் சொல்லியிருக்கிறார்.