நகக்கண்ணில் ஆரஞ்சுத் தூள்

ஆகஸ்ட் 4
வேலியோர மூன்றாவது காப்பிச் செடியில் எட்டு இலை. மேலே எண்ணெய் சொட்டியதுபோல் வெளிறிய புள்ளி. திருப்பினால் ஆரஞ்சுத் தூள். விரலால் தேய்த்தேன், சோப்புப் போட்டும் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. அண்ணனிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5
மழை.

ஆகஸ்ட் 6
இது இலைத்துரு, ஒரு பூஞ்சை நோய். இலையில் ஈரம் நின்றால்தான் துருவின் வித்து முளைக்கும். முளைத்ததும் அடிப்பக்கத்து மூச்சுத்துளை வழியே உள்ளே போய்விடும். வெளியே தூள் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். அப்படியானால் ஜூலையிலேயே நுழைந்திருக்கிறது. மழைக்கு முன்பே மருந்து அடிக்கலாம் என்று அண்ணன் சொன்னார். போன வருடம்தான் ஒன்றும் வரவில்லையே என்று தடுத்தது நான்.

ஆகஸ்ட் 9
போர்டோ கலவை, பூஞ்சைக்கு அடிக்கும் செம்பு மருந்து. 200 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. கத்தியைத் தோய்த்தேன், செம்பு படிந்தது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. அடுத்த முறை கத்தி வெறுமனே வந்தது. இலைக்கு அடியில் படட்டும் என்று எல்லோரிடமும் கத்தினேன். குனிந்து மேல்நோக்கி அடிப்பது இடுப்பை ஒடிக்கிற வேலை. கடைசி வரிசையில் நானே மேலாகத்தான் அடித்தேன்.

ஆகஸ்ட் 17
தூக்கம் இல்லை. 1869இல் இலங்கையிலிருந்து போன இலைகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்துப் பூஞ்சை ஆய்வாளர் பெர்க்லி இந்தத் துருவுக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். வித்தின் ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் முள், அதனால் ஹெமிலியா. வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் அழிப்பவள். தோட்டக்காரர்கள் ‘நாசகார எமிலி’ என்று கூப்பிட்டார்களாம். அங்கே காப்பி அழிந்து தேயிலை வந்தது. காப்பி பறிக்கக் கடல் கடந்த தமிழர்களின் பிள்ளைகள் தேயிலைக் கொழுந்து கிள்ளினார்கள். போர்டோ கலவை 1885இல்தான் வந்தது, அதுவும் திராட்சைக்காக.

ஆகஸ்ட் 21
மூன்றாவது செடியில் இலையே இல்லை. வெறும் குச்சியில் பச்சைக் காய்கள். இவை எப்படியோ கூடைக்கு வந்துவிடும், பாதி சொத்தையாக. அடுத்த வருடம் பூக்கவேண்டிய வாதுதான் நுனியிலிருந்து பட்டுக்கொண்டு வருகிறது. கடன் கொடுத்தவர் வந்தால் காயைப் பார்ப்பார், வாதைப் பார்க்கமாட்டார்.

ஆகஸ்ட் 22
நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது. பழையதா, புதியதா?

ஆகஸ்ட் 30
பிடுங்கிவிடலாம் என்கிறார் அண்ணன். அப்பா நட்ட அராபிகா காப்பி. திமோர் தீவில் தானாக உண்டான அராபிகா–ரொபஸ்டா கலப்பின் வழிவந்த ரகங்கள் துருவைத் தாங்குமாம். எத்தனை வருடத்துக்கு? பூஞ்சையும் புது இனமாக மாறி வருகிறதே. நட்டால் காய்க்க மூன்று வருடம். “அதுவரை என்ன செய்வது, அண்ணா?”
“நீ இலையை எண்ணிக்கொண்டிரு” என்றார்.
எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

செப்டம்பர் 2
ஓர் இலையில் ஆரஞ்சின் மேல் வெள்ளையாக இன்னொரு பூஞ்சை. துருவையே தின்னும் பூஞ்சை! கிள்ளாமல், அந்த வாதில் நூல் கட்டிவிட்டு வந்தேன். அண்ணன் சிரித்தார்.

செப்டம்பர் 6
நூல் கட்டிய இலை இன்னும் விழவில்லை. வெள்ளை பக்கத்து இலைக்குத் தாவியிருக்கிறதா என்று மழை விட்டதும் பார்க்கவேண்டும். அண்ணன் நாற்றுக்குச் சொல்லிவைக்கப் போயிருக்கிறார். பதினொன்றாவது வரிசையில் நான்கு இலை.